ஆடுகளமும் காமிராவும்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மும்பை ஆசாத் மைதானத்தின் ஓரமாக நடப்பவர் சற்றே நின்று பார்க்காமல் போவது அரிது. அங்கே 22 கிரிக்கெட் ஆடுகளங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. ஓர் ஆட்டத்தில் பந்தைத் தடுக்க நிற்பவர் மற்றோர் ஆட்டத்தின் மட்டையாளருக்கு அருகில் நிற்பார்; எந்தப் பந்து எந்த ஆட்டத்தைச் சேர்ந்தது என்று வெளியார்க்கு விளங்காது. கொல்கத்தா மைதானத்தில் மழைக்காலச் சேற்றில் கால்பந்து நடைபெறும். டில்லியில் மார்கழி வெயிலில் பள்ளிகளின் விளையாட்டு விழாக்கள் நடைபெறும். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு இத்திடல்களோடு உள்ள உறவு நெருக்கமானது. மொழி பழகாத ஊரில் முதல் நட்பு பெரும்பாலும் ஆடுகளத்தில்தான் வாய்க்கிறது. பந்து ஆடுவதற்கு இலக்கணம் கற்க வேண்டியதில்லை அன்றோ?

இத்திடல்களில் இப்போது ஆடுவோரைவிடப் படம் எடுப்போரே மிகுதி. கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நிழற்படக்காரர் ஆகிவிட்டனர். எடுத்த படம் அந்த நிமிடத்திலேயே ஆயிரம் மைல் கடந்து, திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் பார்க்கப்படுகிறது. பேரன் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்ததைக் கண்டு பாட்டி மகிழ்கிறாள் என்றால் அதை வேண்டாம் என்று சொல்பவர் யார்? ஆயினும் அதே படத்தில் பேரனுக்குப் பின்னால் நிற்கும் மனிதர் யாரோ எவரோ. அவரும் அத்திண்ணைக்குப் போய்விடுகிறார். அவரைக் கேட்டவர் இல்லை.

திடலில் இருப்பவரை அவர் இசைவின்றிப் படம் எடுக்கலாமா? எடுத்த படத்தை வெளியிடலாமா? இவ்விரண்டும் ஒரே வினா போலத் தோன்றும். ஆனால் இவை இரு வேறு வினாக்கள். இவற்றுக்கு விடையும் வேறு வேறு.

அந்தரங்க உரிமை என்று இன்று நாம் பேசுகிற கருத்தே காமிராவின் வரவால் உருப்பெற்றது என்பது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1888ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோடக் கைக்காமிரா விற்பனைக்கு வந்தது. அதுவரை நிழற்படம் எடுத்துக் கொள்வதென்றால் நிலையத்துக்குப் போய், நாற்காலியில் அமர்ந்து, அசையாமல் இருக்க வேண்டும். எடுக்கப்படுபவரின் இசைவு அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது. கைக்காமிரா வந்தபின் நடப்பவரையும் சிரிப்பவரையும் அவரறியாமலே பிடித்துவிட முடிந்தது. 1890ஆம் ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் நகர வழக்கறிஞர்களான சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் இருவரும் ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினர். நொடியில் எடுக்கும் நிழற்படங்களும் பத்திரிகைகளும் மனிதரின் இல்லற வாழ்வில் நுழைந்துவிட்டன என்றும், தம்மைத் தம் போக்கில் விட்டுவிடுமாறு கோரும் உரிமை எவர்க்கும் உண்டு என்றும் அதில் வாதாடினர். 1900ஆம் ஆண்டில் ஒரு டாலருக்கு 'பிரௌனி' என்னும் பெட்டிக் காமிரா வந்தபோது, அவர்கள் அஞ்சியது எளியவர் கைக்கும் எட்டியது.

அக்காலத்துப் பெட்டிக் காமிராவில்கூட ஒருவருடைய முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் சில அடித் தொலைவில் நின்றாக வேண்டும். எதிரே நிற்பவன் காமிராவை உயர்த்துவதை அவர் பார்ப்பார். விருப்பமில்லையெனில் முகத்தைத் திருப்பிக் கொள்வார், அல்லது முந்தானையால் மறைத்துக் கொள்வார். வாய் திறந்து கேளாவிடினும் கேள்வியும் விடையும் அங்கே நடந்துவிடும். தொலைநோக்கு வில்லைகள் இதைக் குலைத்துவிட்டன. 400 மில்லிமீட்டர் வில்லை பூட்டிய காமிராவை நெடுக்காகப் பிடித்தால், 50 மீட்டருக்கு அப்பாலுள்ள நாலரை மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட பரப்பு படம் முழுவதையும் நிறைத்துவிடும். அரங்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்தில் அமர்ந்திருப்பவருடைய கண்ணீரை எடுத்துவிடலாம். அவருக்கோ தம்மை ஒருவர் பார்க்கிறார் என்பதே தெரியாது. இன்றைய கைபேசிகளும் ஏறத்தாழ இந்த ஆற்றலை எட்டிக் கொண்டிருக்கின்றன. முன்பு தொலைவே நமக்கு வேலியாக இருந்தது. அந்த வேலி போய்விட்டபின், கேட்டு எடுப்பதென்னும் பழக்கத்தை நாமாகவே கைக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நேயர்கள் கேட்பது இயல்பு. பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுக்குமுன் அவர் அனுமதியைப் பெற்றே ஆக வேண்டும் என்று பொதுவாகக் கட்டளையிடும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. இதைக் கொண்டு, திடலுக்கு வந்தவர் அந்தரங்கத்தை வாயிற்படியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார் என்று கொள்வோரும் உளர். அது தவறு. 1994ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து வெளிவரும் 'நக்கீரன்' இதழ் தொடர்பான வழக்கில், தம் போக்கில் விடப்படும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தாமாகவே பொது விவகாரங்களில் ஈடுபட்டு நிற்பவரின் நிலை வேறு என்பதையும் அத்தீர்ப்பே ஏற்றுக் கொண்டது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஐயத்துக்கிடமின்றித் தீர்த்தது. பொது இடத்துக்கு வந்துவிட்ட காரணத்தினாலேயே ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது இடத்தைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் உண்டு. நம் பொருளுக்கு இதனினும் நெருங்கிய வாசகம் வேறில்லை.

அரங்குக்குள் நுழைவோர் டிக்கெட்டின் பின்புறத்தைப் படிப்பதில்லை. பொடி எழுத்தில் அங்கே பல நிபந்தனைகள் இருக்கும். பார்வையாளர் படம்பிடிக்கப்படலாம், அப்படம் ஒளிபரப்பப்படலாம், அதற்கு டிக்கெட் பெற்றவர் இசைகிறார் என்பது பெரிய போட்டிகளில் வழக்கமாக இடம்பெறும் ஒன்று. மாரத்தான் ஓட்டங்களுக்குப் பெயர் கொடுக்கும்போது நாம் ஒப்பும் விண்ணப்பத்திலும் இத்தகைய வாசகம் இருக்கும். இந்த ஒப்பந்தம் போட்டியை நடத்துவோருக்கும் நமக்கும் இடையே உள்ளது. அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் அதில் ஒரு தரப்பினர் அல்லர். டெலிவிஷனுக்கு நாம் கொடுத்த இசைவை அவர் தமக்குக் கொடுத்ததாக எடுத்துக் கொள்ள இடமில்லை.

ஆடுவோரின் நிலை வேறு. 1996ஆம் ஆண்டு மார்ச்சில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் அரங்கில் உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம் ரசிகர்களின் கலவரத்தால் நின்று, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டபோது வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே திடலைவிட்டு நடந்தார். அந்தப் படத்தைப் பார்க்காத கிரிக்கெட் அன்பர் அந்தத் தலைமுறையில் இல்லை. அவருடைய கண்ணீர் அன்றைய ஆட்டத்தின் ஒரு பகுதி. அதை எடுத்த நிழற்படக்காரர் தம் கடமையைச் செய்தார். அவர் உடைமாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டபின் காமிராவுக்கு அங்கே வேலை கிடையாது. ஆட்டம் திடலோடு முடிகிறது.

படம் எடுக்க எவரிடமும் கேளாமல் இருப்பதே சரி என்னும் தருணங்களும் உண்டு. 1967ஆம் ஆண்டு ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் கே. வி. ஸ்விட்சர் என்று பெயர் கொடுத்து, 261 என்னும் எண்ணை அணிந்து, ஒருவர் ஓடினார். ஓடுபவர் கேத்தரின் என்னும் பெண் என்பதை வழியில் கண்டுகொண்ட பந்தய அதிகாரி ஒருவர் பாய்ந்து சென்று அந்த எண் அட்டையைப் பிடுங்க முயன்றார். பத்திரிகை வண்டியில் இருந்தவர்கள் அதைப் படம் எடுத்துவிட்டனர். அந்த அதிகாரியின் இசைவைப் பெற்றிருந்தால் அப்படம் உலகுக்குக் கிடைத்திராது. 1972ஆம் ஆண்டில் அப்பந்தயம் பெண்களுக்கு முறைப்படி திறந்துவிடப்பட்டதில் அப்படத்துக்குள்ள பங்கைச் சிறிதென்று சொல்ல முடியாது. அதிகாரம் உடையவர் திடலில் அத்துமீறும்போது, இசைவு என்னும் சொல்லைக் காட்டிக் காமிராவைத் தடுப்பதை நாம் ஒருபோதும் ஆதரிப்பதற்கில்லை.

நாம் கவலையுறுவது பார்வையாளரைக் குறித்தே. கூட்டத்தைப் படம் எடுப்பது வேறு. கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுப்பது வேறு. பத்தாயிரம் பேர் ஒருசேரக் கைதட்டி எழும் காட்சியில் எவருடைய அந்தரங்கமும் கெடுவதில்லை. வில்லையைச் சுருக்கிச் சுருக்கி ஒரு முகத்தில் கொண்டுபோய் நிறுத்தும்போது அந்த முகத்துக்குரியவர் காட்சிப் பொருளாகிறார். கிரிக்கெட் ஒளிபரப்புகளில் ஓவருக்கு ஓவர் இளம்பெண்களின் முகங்களையே தேடி அலையும் காமிராவை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பெண்மக்களோடு அமர்ந்து ஆட்டம் பார்க்கும் தந்தையர் அதை எந்த மனநிலையில் பார்க்கின்றனர் என்பதை ஒளிபரப்பாளர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2018ஆம் ஆண்டில் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது, இவ்வாறு தேடித் தேடிக் காட்டுவதைக் குறைக்குமாறு உலகக் கால்பந்து சம்மேளனமே ஒளிபரப்பாளர்களிடம் கேட்டுக் கொண்டது. பெண் ரசிகர்களின் படங்களை மட்டும் அழகு நோக்கித் தொகுத்து வெளியிட்ட கெட்டி நிழற்பட நிறுவனம் அத்தொகுப்பைத் திரும்பப் பெற்றுக் கொண்டது.

ஆடும் பெண்களுக்கு இது இன்னும் கொடுமையான உருவில் வருகிறது. ஓட்டம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் முதலியவற்றில் உடல் அசைவுக்கு ஏற்ற உடை அணிய வேண்டியிருக்கிறது. அந்த உடையையும் அசைவையும் கெட்ட நோக்கோடு நெருங்கி எடுத்து, இணையத்தில் பரப்புவோர் பல நாடுகளிலும் உள்ளனர். ஜப்பானிய வீராங்கனைகள் இதைப் பற்றி முறையிட்டதன் பேரில், 2020ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு ஒலிம்பிக் கமிட்டியும் பிற விளையாட்டு அமைப்புகளும் சேர்ந்து கண்டனம் தெரிவித்தன. 2021ஆம் ஆண்டில் நடந்தேறிய டோக்கியோ ஒலிம்பிக்கில், உடலழகைக் காட்டும் நெருக்கப் படங்களைத் தவிர்ப்பதென ஒளிபரப்பு அமைப்பு முடிவு செய்தது. ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகள் அங்கே கணுக்கால்வரை மூடிய உடையில் ஆடினர். 2023ஆம் ஆண்டில் ஜப்பான் கள்ளப் படம் எடுப்பதைத் தண்டிக்கத் தனிச் சட்டமே இயற்றியும், உடையணிந்து ஆடும் வீராங்கனைகளைக் கெட்ட நோக்கில் எடுக்கும் படங்கள் அச்சட்டத்துள் வரவில்லை. திடலில் வெளிப்படையாகத் தெரிவதை எடுப்பது எங்கே குற்றமாகிறது என்று எழுத்தில் வகுப்பது அத்துணை கடினம்.

நம் நாட்டுச் சட்டம் சில எல்லைகளைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. ஒருவருடைய உடலின் மறைவிடத்தை அவர் இசைவின்றிப் படம் எடுப்பதோ அனுப்புவதோ வெளியிடுவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உடைமாற்றுமிடம் போன்ற தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து படம் எடுப்பது 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தனிக் குற்றமாயிற்று. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து அது பாரதீய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. அதில் உள்ள ஒரு விளக்கத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். படம் எடுக்க இசைந்த பெண் அதைப் பிறர்க்குக் காட்ட இசையாதிருந்தால், அதைப் பரப்புவது குற்றமே. எடுப்பதற்குத் தந்த இசைவும் வெளியிடுவதற்குத் தரும் இசைவும் வேறு வேறு என்று முன்னே சொன்னோம். கடுங்குற்றங்களைக் குறித்த சட்டமே இவ்வேறுபாட்டை ஏற்றுக் கொண்டிருக்கிறது.

இனி, பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் தனியாக என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஊரை விட்டு வந்தவருக்கு இரண்டு வாழ்க்கைகள் உண்டு. வந்த ஊரில் ஒன்று, சொந்த ஊரில் ஒன்று. நகரில் இயல்பாய் இருப்பது கிராமத்தில் வேறு பொருள் கொள்ளும். பெங்களூரில் தையல் ஆலையில் வேலை செய்யும் பெண்ணொருத்தி, உடன் வேலை செய்வோரோடு ஆட்டம் பார்க்கச் சென்று சிரித்துக் கொண்டிருக்கிறாள். அருகில் இருப்பவர் யார் என்று படத்துக்குச் சொல்லத் தெரியாது. அப்படம் ஊருக்குப் போனால் ஊர் தனக்குத் தோன்றியபடி ஒரு கதையை அதற்குக் கீழே எழுதிக் கொள்ளும். விளக்கம் சொல்ல அவள் அங்கே இல்லை. காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டம் பார்க்கப் போன குமாஸ்தாவின் நிலையும் தொல்லைதான். அவர் பக்கம் வாதாட நாம் முன்வரவில்லை.

சிரிப்புக்கு இடமில்லாதவையும் உண்டு. சாதி கடந்து மணம் புரிந்து, உறவினரின் சினத்துக்கு அஞ்சி வேற்று மாநிலத்தில் வந்து வாழும் தம்பதிகள் உளர். அடிக்கும் கணவனிடமிருந்து குழந்தையோடு விலகி வந்து, முகவரி தெரியாமல் பிழைத்துக் கொண்டிருக்கும் தாய்மாரும் உளர். பள்ளி விளையாட்டு விழாவில் அந்தக் குழந்தை சாக்கு ஓட்டத்தில் பரிசு பெறுகிறது. யாரோ ஒரு பெற்றோர் நல்லெண்ணத்தோடு படம் எடுத்து, பெயரும் வகுப்பும் பள்ளியும் குறித்துப் பலர் பார்க்கும்படி அனுப்பிவிடுகிறார். சட்டையில் பள்ளியின் சின்னம் இருக்கிறது. பின்னால் கட்டிய துணியில் ஊரும் தேதியும் இருக்கின்றன. கைபேசியில் இட அமைப்பு இயங்கிக் கொண்டிருந்தால், எடுத்த நேரமும் இடமும் படத்தின் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். தேடிக் கொண்டிருப்பவருக்கு வேறென்ன வேண்டும்? அனுப்பியவரிடம் கெட்ட எண்ணம் இம்மியும் இல்லை. ஆனால் தாய் மறைத்து வைத்த முகவரி வெளியாகிவிட்டது. படத்தில் இருக்க விரும்பாதவரிடம் காரணம் கேட்கலாகாது என்று நாம் வற்புறுத்துவது இதனாலேதான். சொல்லக்கூடிய காரணமாக இருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் பொங்கலையொட்டி விளையாட்டுப் போட்டிகள் நடத்துகின்றன. அவற்றை நடத்தும் அன்பர்கள் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்திருத்தல் நலம். ஒருவர் தம் சொந்த, குடும்ப உபயோகத்துக்காக வைத்துக் கொள்ளும் படங்களை அச்சட்டம் தொடுவதில்லை. ஒரு சங்கமோ பள்ளியோ பயிற்சிக் கழகமோ பெயர்களையும் படங்களையும் கணினியில் திரட்டிப் பயன்படுத்தும்போது இசைவு முதலிய கடமைகள் எழுகின்றன. பதினெட்டு வயது நிரம்பாதவர் அனைவரும் அச்சட்டத்தின்படி குழந்தைகளே; அவர்களுக்காகப் பெற்றோரின் இசைவு வேண்டும். இதன் விதிகள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிடப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. சட்டத்துக்குக் காத்திராமலே செய்யக்கூடிய எளிய ஏற்பாடு ஒன்றுண்டு. பெயர்ப் பதிவுத் தாளில் பெற்றோர் கையெழுத்திட இரண்டு கோடுகளை அச்சிடலாம். ஒன்று படம் எடுப்பதற்கு, மற்றொன்று மலரிலோ இணையத்திலோ வெளியிடுவதற்கு. இரண்டாவது கோட்டை வெறுமையாக விட்டவரின் குழந்தையையும் முதல் வரிசையில் நிறுத்தி ஆடவிட வேண்டும். படம் போட்டால் பெயர் வேண்டாம். பெயர் போட்டால் படம் வேண்டாம். வெற்றி பெற்றோர் பட்டியலைத் தனியாக அச்சிட்டால் எந்தக் குழந்தையின் பெருமையும் குறைந்துவிடாது.

2004ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் மும்பை மாரத்தான் போன்ற ஓட்டங்களில், நிழற்பட நிறுவனங்கள் ஓடுவோரை வழிநெடுக எடுத்து, மார்பிலுள்ள எண்ணைக் கொண்டு அவரவர் படத்தைத் தேடி வாங்கிக் கொள்ளச் செய்கின்றன. வசதிதான். எண் தெரிந்த வேறொருவரும் அதே படத்தைத் தேடலாம் என்பதை ஓடுவோர் அறிவார்களா? இப்போது முகத்தைக் கொண்டே தேடும் முறையும் வந்துவிட்டது. ஓடி முடித்தபின் எண் அட்டையோடு நின்று எடுத்த படத்தை ஊருக்கெல்லாம் அனுப்புமுன் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

படத்தின் உடைமை யாருடையது என்பதிலும் பலர் குழம்புகின்றனர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவர் இருந்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது, உரிமை அவரைச் சாரும். படத்தில் இருப்பவர் என்பதனால் மட்டும் ஒருவருக்குப் பதிப்புரிமை வருவதில்லை. ஆனால் படம் என்னுடையது என்பதனால் அதிலுள்ள முகத்தை விற்கலாம் என்றும் ஆகாது. நியூயார்க் மாநிலத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை அவள் அறியாமலே மாவு விளம்பரத்தில் ஏறத்தாழ 25,000 தாள்களில் அச்சிட்டுவிட்டனர். அவள் தொடுத்த வழக்கு 1902ஆம் ஆண்டில் மேல்நீதிமன்றத்தில் தோற்றது. மக்கள் கொதித்தெழுந்ததன் பயனாக, இசைவின்றி ஒருவருடைய பெயரையோ படத்தையோ வாணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று மறு ஆண்டே சட்டம் பிறந்தது. நம் நாட்டில், 2003ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட் விளம்பரம் ஒன்றைப் பற்றிய வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் கூறியது இங்கே பொருந்தும். தம் உருவத்தாலும் புகழாலும் பயன்பெறும் உரிமை மனிதருக்கே உண்டு. போட்டிக்கோ அதை நடத்தும் நிறுவனத்துக்கோ அவ்வுரிமை இல்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. உங்கள் மகனின் படத்தைப் பயிற்சிக் கழகமொன்று கேளாமலே தன் விளம்பரப் பலகையில் போட்டிருக்குமானால், அதை எடுக்கச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

திடல்களில் விபத்தும் நேர்வதுண்டு. 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கால்பந்தாட்டத்தின்போது 16 பேர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே வெற்றி விழாக் கூட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். இத்தகைய நேரத்தில் கைபேசியை உயர்த்துபவர் எத்தனை பேர் என்பதை எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது. வெளிமாநிலத்தில் தனித்திருக்கும் இளைஞனின் வீட்டார், போலீஸார் சொல்லுமுன்னே, அவன் தரையில் கிடக்கும் கோலத்தைக் கைபேசியில் காண நேர்ந்தால் அவர்கள் நிலை யாது? 1989ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் நெரிசல் ஏற்பட்டு, பின்னர் இறந்தோரையும் சேர்த்து 97 பேர் மாண்டனர். டெலிவிஷன் அந்நிகழ்ச்சியை நேராகவே காட்டியது. எனினும் அடையாளம் தெரியும்படி ஒருவர் துன்புறுவதைக் காட்டலாகாது என்னும் ஒளிபரப்பு நெறியை அது கடைப்பிடித்ததென்று, 1991ஆம் ஆண்டு உறவினர் வழக்கில் பிரபுக்கள் சபை குறிப்பிட்டது. கம்பிகளில் நசுங்கியோரின் முகங்களை வெளியிட்ட பத்திரிகைகளோ மக்களின் சினத்துக்கு ஆளாயின. தனிப்பட்ட துயர நேரங்களில் காமிராவோடு புகுவதைத் தவிர்க்க வேண்டும் என்று நம் நாட்டுப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைகளும் கூறுகின்றன. விபத்தின் படங்கள் பொதுநலம் கருதி வேண்டப்படலாம் என்பதையும் அவை மறுப்பதில்லை. எங்கே வாயில் பூட்டப்பட்டிருந்தது, எங்கே வேலி சரிந்தது என்பதைக் காட்டும் படம் பின்னால் விசாரணைக்கு உதவும். அதை எடுத்தவர் உரிய அதிகாரியிடம் கொடுக்கட்டும். மயங்கிக் கிடப்பவரின் முகம் எவருக்கும் உதவாது.

இசைவின்றி உங்கள் படம் வெளிவந்திருந்தால் முதலில் வெளியிட்டவருக்கே எழுதுங்கள், பெரும்பாலோர் எடுத்துவிடுவர். மறைவுறுப்புகளைக் காட்டும் படமோ திரித்த படமோ ஆயின், இணைய நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்பலாம். 2021ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள் இத்தகைய புகாருக்கு 24 மணி நேரக் கெடு விதித்தன. எழுதுமுன் அந்தப் பக்கத்தை அப்படியே படமாக்கித் தேதியோடு வைத்துக் கொள்ளுங்கள். நீக்கப்பட்டபின் சான்று கிடைக்காது. குழந்தைகளைப் பற்றியதாயின் 1098 என்னும் எண்ணை நாடெங்கும் அழைக்கலாம்.

கேட்பதற்கு மொழி தடையென்று சிலர் சொல்வர். இந்தியில் 'போட்டோ லே லூம்?' என்றால் போதும். மராத்தியர் இடத்தில் 'போட்டோ காடூ கா?', வங்காளத்தில் 'சொபி துல்போ?', கன்னட நாட்டில் 'போட்டோ தெகெயபஹுதா?' என்று கேட்கலாம். உச்சரிப்புப் பிழையைக் கண்டு எதிரிலிருப்பவர் சிரிப்பார். படமும் நன்றாக அமையும். விடையைக் கவனிப்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். நம்மவர் இருபுறமும் தலையை மெல்ல ஆட்டினால் ஆகட்டும் என்று பொருள். வடநாட்டார் பலர்க்கு அது விளங்குவதில்லை, அவர்கள் தலையசைப்பு நமக்கும் சில வேளை விளங்குவதில்லை. ஐயமாக இருந்தால் காமிராவைத் தாழ்த்தி, மீண்டும் ஒருமுறை கேளுங்கள். எடுத்தபின் அந்தப் படத்தை அவரிடம் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவர் கண் முன்னே அழித்துவிடுங்கள்.